பழைய பேட்டைப் பெயரின் வேரைக் கோயிலின் வழியே தேடுவது எப்படி

ஒரு பகுதியின் பெயரை அலுவலகங்கள் சுருக்கும், அஞ்சல் முத்திரை திரிக்கும், புதிதாகக் குடிவந்தவர்கள் தங்கள் நாவுக்கு ஏற்றபடி வளைப்பார்கள். ஆனால் அங்கே பழங்கோயில் ஒன்று இருந்துவிட்டால், அந்தப் பெயரின் மூத்த வடிவம் ஏதோ ஒரு பாசுரத்திலோ, கருவறைச் சுவரின் அடிப்பகுதியிலோ, குளத்தின் பெயரிலோ தங்கியிருக்கும். சென்னையை 1639இல் பிறந்த நகரம் என்று சொல்வது வழக்கம். அந்த நகரத்துக்குள் இன்று அடங்கியிருக்கும் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், திருவான்மியூர், வேளச்சேரி ஆகியவற்றின் பெயர்கள் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவை என்பதும், அவற்றைக் காத்துத் தந்தவை பெரும்பாலும் கோயில்களே என்பதும் அந்தந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே பல வேளைகளில் தெரிவதில்லை. தம் பகுதியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தாமே தேடிப் பார்க்க விரும்புவோருக்கு, சென்னைப் பெயர்களை உதாரணமாகக் கொண்டு ஒரு முறையை இங்கே எழுதுகிறேன். இந்த முறையின் அடிப்படை ஒன்றுதான்: கோயிலின் பெருமையைக் கதையாகச் சொல்லும் தலபுராணத்தைக் கடைசியில் படிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அதிலிருந்தே தொடங்குகிறோம். தொடங்கிய இடத்திலேயே நின்றும் விடுகிறோம்.

இன்றைய வடிவங்களைச் சேகரித்தல்

முதல் வேலை, பெயர் இன்று எத்தனை வடிவங்களில் வழங்குகிறதோ அத்தனையையும் எழுதிவைப்பது. பேருந்துப் பலகை, ரயில் நிலையப் பலகை, அஞ்சல் முகவரி, கோயில் உற்சவப் பத்திரிகை, பழைய கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, வீட்டுப் பத்திரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தின் வடிவத்தைச் சுமந்துகொண்டிருக்கும். ஆங்கிலேயர் நாவில் டிரிப்ளிகேன் ஆன ஊருக்கு அஞ்சல் முகவரியில் இன்னும் அந்தப் பெயர்தான் ஓடுகிறது. அதே ஊரின் பறக்கும் ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்திலும் திருவல்லிக்கேணி என்றே எழுதியிருக்கிறார்கள். மயிலாப்பூருக்கான நிலையம் திருமயிலை என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியிடப்பட்டு, விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்து எப்படிப் போனாலும் நம் தேடலுக்குக் கவலையில்லை. தமிழில் பெயர் எப்படி வழங்கியது என்பதே நமக்கு வேண்டியது.

இவற்றுள் மிகவும் பயன்படுவது பத்திரம். வில்லங்கச் சான்றிதழிலும் பட்டாவிலும் கிராமம் என்று ஒரு கட்டம் இருக்கும். அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில் இருக்கும் வீட்டுக்கும் வருவாய்த் துறையின் கணக்கில் ஒரு கிராமம் உண்டு. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கத்தில் வீடு வைத்திருக்கும் பலர் தங்கள் பத்திரத்தில் ‘புலியூர் கிராமம்’ என்று இருப்பதைப் பார்த்திருப்பார்கள். வங்கிக் கடனுக்காக நகல் எடுத்த நாளோடு அதை மறந்தும் இருப்பார்கள். அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைப் பின்னால் பார்க்கலாம். இப்போதைக்கு வடிவம், அதைக் கண்ட இடம், கண்ட நாள் ஆகிய மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காரணக் கதை எதையும் இந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம். எழுதினால் அதற்குப் பொருந்துவது மட்டுமே பிறகு கண்ணில் படும்.

ஈற்றுச் சொல்லைப் பார்த்தல்

பெயரின் கடைசிப் பகுதி, ஊர் எவ்வகைப்பட்டது என்பதற்கு முதல் துப்பு. ஊர், பாக்கம், சேரி, மங்கலம் என்று முடிபவை பெரும்பாலும் பழைய குடியிருப்புகள். பேட்டை என்று முடிபவற்றில் பல, சந்தையையோ தொழிலையோ சுற்றிக் கம்பெனி காலத்திலும் நவாபுகள் காலத்திலும் வளர்ந்தவை. இதைக் கண்டிப்பான விதியாகக் கொள்ள முடியாது. எங்கே தேடுவது என்று சொல்லும் துப்பாக மட்டும் கொள்ளலாம். சிந்தாதிரிப்பேட்டைக்குத் தேவாரத்தில் சான்று தேடுவது வீண்வேலை. அது 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய சின்னத் தறிப் பேட்டை. அங்குள்ள பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் குடியேற்றத்தோடு சேர்ந்து எழுந்தவை. இத்தகைய இடங்களில் பெயர் முந்தியது, கோயில் பிந்தியது. ஆகவே கோயிலில் தேடத் தொடங்கும் முன், அந்தக் கோயில் ஊர்ப்பெயரைவிடப் பழையதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பேட்டையே ஆனாலும் கோயிலிலிருந்து பெயர் பெற்றவையும் உண்டு. திருவல்லிக்கேணியை ஒட்டிய திருவட்டீஸ்வரன்பேட்டை அப்படிப்பட்டது. அங்கே உள்ள இறைவர் திருவேட்டீஸ்வரர். பலகையில் எழுதும் வடிவம் தேய்ந்திருந்தாலும், கோயிலுக்குள் போனவர்களுக்குப் பெயர் உடனே விளங்கிவிடும்.

பாடலில் தேடுதல்

உங்கள் ஊர்க் கோயில் தேவாரம் பாடியோரின் பாடல் பெற்ற தலமாகவோ ஆழ்வார்கள் பாடிய திவ்விய தேசமாகவோ இருந்தால் அது பெரும் கொடுப்பினை. யாப்பில் அமைந்த பெயரை எளிதில் மாற்ற முடியாது; மாற்றினால் தளை தட்டும், எதுகை கெடும். ஏடு படியெடுத்தவர் தவறு செய்திருந்தாலும் அந்தத் தவறு ஓசையில் தெரிந்துவிடும். அப்பர் ‘வண்டு சேர்பொழில் வான்மியூர் ஈசனே’ என்று பாடியிருப்பதால், திரு என்ற அடைமொழி இல்லாமல் அந்த ஊர் 7ஆம் நூற்றாண்டில் வான்மியூர் என்றே வழங்கியது என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடலாம்.

திருவல்லிக்கேணிக்கு மூன்று ஆழ்வார்களின் பாசுரங்கள் இருக்கின்றன. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிப்பது, ஊர்ப்பெயரைத் தேடுவோர் எவருக்கும் நல்ல பயிற்சி. பேயாழ்வார் மூன்றாம் திருவந்தாதியின் 16ஆம் பாசுரத்தில் இப்படிப் பாடுகிறார்:

வந்துதைத்த வெண்திரைகள் செம்பவள வெண்முத்தம்
அந்தி விளக்கும் அணிவிளக்காம் – எந்தை
ஒருவல்லித் தாமரையாள் ஒன்றியசீர் மார்வன்
திருவல்லிக் கேணியான் சென்று.

திருமழிசையாழ்வார் நான்முகன் திருவந்தாதியின் 35ஆம் பாசுரத்தில் ‘நீளோதம் வந்தலைக்கும் மாமயிலை மாவல்லிக்கேணியான்’ என்கிறார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்கள் பாடி, கடைசிப் பாசுரத்தில் ‘தென்னன் தொண்டையர்கோன் செய்த நன்மயிலைத் திருவல்லிக்கேணி நின்றானை’ என்று முடிக்கிறார்.

இவற்றிலிருந்து என்னென்ன கிடைக்கின்றன? முதலாவது, கடல். பேயாழ்வாரிடம் அலைகள் பவளத்தையும் முத்தையும் கொண்டுவந்து ஒதுக்குகின்றன. திருமழிசையாழ்வாரிடம் ஓதம் வந்து அலைக்கிறது. கடலோர மணலில் தோண்டிய நல்ல நீர்நிலைக்குக் கேணி என்ற சொல் எவ்வளவு பொருந்தும் என்பதை, ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்று குறள் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மயிலை. இரு ஆழ்வார்கள் இவ்வூரை மயிலையின் பகுதியாகவே சொல்லியிருக்கிறார்கள். இன்று இரண்டும் தனித்தனிப் பகுதிகளாக இருப்பதை வைத்து அன்றும் அப்படியே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாவது, பல்லவ மன்னனைச் சுட்டும் தொண்டையர்கோன் என்ற குறிப்பு. கோயில் பல்லவர் காலத்தது என்று எண்ண அது இடம் தருகிறது. அடுத்துக் கல்லில் எந்தக் காலத்தைத் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

நான்காவதுதான் பெயரைப் பற்றிய நேரடிச் சான்று, அதில் சற்று நிதானம் வேண்டும். ஒருவர் திரு என்ற அடையையும் மற்றவர் மா என்ற அடையையும் சேர்த்திருப்பதால், அடை மாறினாலும் மாறாமல் நிற்கும் பகுதியே பெயரின் உடல் என்று பிரித்துவிடலாம். ஆனால் அந்த உடல் அல்லிக்கேணியா, வல்லிக்கேணியா? இலக்கணப்படி இரண்டும் பொருந்தும். திரு, அல்லி என்னும் இரண்டுக்கும் நடுவில் வகரம் உடம்படுமெய்யாக வரும். வல்லி என்று கொண்டால் வகரம் சொல்லுக்கே உரியது. கோயிலில் தாயார் பெயர் வேதவல்லி என்பதால் வல்லிக்கேணி என்று கொள்வாரும் இருக்கக்கூடும். பாசுரத்தின் எதுகை இங்கே உதவிக்கு வருகிறது. ‘ஒருவல்லித் தாமரையாள்’ என்பதை ஒரு அல்லித் தாமரையாள் என்று பிரிக்க இடமுண்டு. அப்படிப் பிரித்தால் அதற்கு இணையாக வைத்த திருவல்லிக்கேணியும் திரு அல்லிக்கேணி என்றே பிரியும். இது ஒன்றே முடிவான சான்று ஆகிவிடாது என்பதால் பாடலை இங்கே நிறுத்திவைத்து, குளத்தின் பெயரைப் பார்க்கும்போது மீண்டும் இதற்கு வருவோம்.

கல்லில் தேடுதல்

பாடல் பெயரைத் தரும். கல் அதற்கு முகவரியும் காலமும் தரும். கோயிலுக்குப் போகும்போது கூட்டம் இல்லாத நேரமாகப் போய், நிர்வாக அலுவலகத்தில் அனுமதி கேட்டு, கருவறையின் வெளிச்சுவரை அடியிலிருந்து மேலாகப் பாருங்கள். அதிட்டானம் எனப்படும் அடித்தளத்தில் பட்டையாக ஓடும் ஜகதி, அதற்கு மேல் உருண்டு அல்லது பட்டை பிடித்து நிற்கும் குமுதம், அதன் மேல் சுவர் என்ற வரிசையில் எழுத்துகள் ஓடும். நிலைக்கால்களிலும், தரையில் பதித்த பலகைக் கற்களிலும், திருப்பணியில் இடம் மாறித் தலைகீழாகக் கட்டப்பட்ட கற்களிலும்கூட எழுத்து இருக்கும். நடுப்பகல் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து கண்ணுக்குப் படாது. காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். நிழலான இடத்தில் கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அதே பயன் கிடைக்கும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாவு, சுண்ணக்கட்டி, எண்ணெய் எதையும் கல்லில் தடவக் கூடாது. ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய கல் அந்த அன்பைத் தாங்காது.

எழுத்தை நீங்களே படித்தாக வேண்டும் என்பதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் ஆண்டறிக்கைகளிலும், மாநிலத் தொல்லியல் துறையின் வெளியீடுகளிலும் பல கோயில்களின் கல்வெட்டுகள் படித்து அச்சிடப்பட்டுள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடினாலே பலவற்றைக் காணலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நாள் போய்வருவது இன்னும் நல்லது. கல்வெட்டு வாசகத்தில் ஊர்ப்பெயர் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சோழர் கல்வெட்டாக இருந்தால் ஸ்வஸ்திஸ்ரீ, மன்னனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி, மன்னன் பெயர், ஆட்சியாண்டு ஆகியவை முடிந்ததும் முகவரி வரும். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் முகவரி அது: மண்டலம், கோட்டம், நாடு, ஊர், அதன் பிறகு இறைவன் பெயர். ‘ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்து’ என்று தொடங்கும் முகவரி வந்தால் நீங்கள் இன்றைய சென்னையிலோ அதன் சுற்றுப்புறத்திலோ இருக்கிறீர்கள்.

முகவரியைப் படிக்காமல் கல் இருக்கும் இடத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு மயிலாப்பூரே சான்று. கபாலீச்சரம் முன்பு கடற்கரையை ஒட்டி இருந்து, போர்த்துகீசியர் காலத்துக்குப் பின் இன்றைய இடத்தில் எழுந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. பழைய கோயிலின் கற்கள் சாந்தோம் பகுதியில் கிடைத்திருக்கின்றன. கல் நகரும், அதில் வெட்டிய முகவரி நகராது.

திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கோயில் நிலம் அடகில் போனதால் குறைந்த திருவமுது, நிலம் மீட்கப்பட்டுப் பழையபடி நடக்க வழிசெய்த செய்தியைச் சொல்வது அது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொத்தும், அதை நிர்வகித்தவர்களும், அதில் சிக்கலும் இருந்த நிலையான கோயில் இது என்பது அதனால் உறுதியாகிறது. திருமங்கையாழ்வார் சொன்ன தொண்டையர்கோனுக்கும் இந்தக் கல்லுக்கும் பொருத்தம் இருப்பதைப் பாருங்கள்: பாடலும் கல்லும் ஒரே காலத்தை நோக்கிக் கை காட்டும்போது அந்த இடத்தில் தைரியமாகக் கால் வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடும் இராது. அச்சில் நாம் பார்க்கும் குறில், நெடில் பதிப்பாசிரியர் தேர்ந்தது. வேளச்சேரிக் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் வெளிச்சேரி என்று பதிப்பிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டு, வெளியில் இருந்த சேரி ஆகையால் வெளிச்சேரி என்று உடனே முடிவுகட்டினால், கல் சொல்லாத ஒன்றைக் கல்லின் மேல் ஏற்றுகிறோம். கல்லில் இருப்பது வேளிச்சேரி என்று படிக்கவும் இடம் தரும்.

குளம், மரம், தெய்வம், தெரு

பாடலும் கல்லும் இல்லாத கோயில்களே அதிகம். அங்கே அர்ச்சகரிடமும் ஓதுவாரிடமும் நெடுங்காலமாகப் பூக்கட்டும் அம்மாக்களிடமும் கேட்க வேண்டியிருக்கும். ‘இந்தப் பேர் எப்படி வந்தது?’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். சங்கல்பத்தில் எந்த க்ஷேத்திரம் என்று சொல்கிறீர்கள், தீர்த்தத்தின் பெயர் என்ன, தல மரம் எது, சாமி புறப்பாடு எந்தத் தெருக்கள் வழியாகப் போகும், எங்கே நின்று திரும்பும், எல்லைக் காவல் அம்மன் எங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள். புறப்பாடு திரும்பும் இடம் பல ஊர்களில் பழைய எல்லையோடு ஒத்துப்போகும். எல்லையம்மனும் செல்லியம்மனும் பெரிய கோயிலைவிட மூத்த தடயத்தை வைத்திருப்பதும் உண்டு. வேளச்சேரியில் சோழர் காலக் கல்வெட்டுகள் தண்டீஸ்வரர் கோயிலில் மட்டுமல்லாமல் செல்லியம்மன் கோயிலிலும் இருக்கின்றன.

தல மரம் பெயரைத் தந்த இடங்களில் புரசைவாக்கம் தெளிவான ஒன்று. கங்காதரேஸ்வரர் கோயிலின் தல மரம் புரசு. தீயைப் போன்ற செந்நிறப் பூ பூக்கும் பலாச மரம். புரசையும் பாக்கமும் சேர்ந்து புரசைபாக்கமாகி, பகரம் வகரமானது. இங்கே கதை எதுவும் தேவைப்படவில்லை, மரமே போதும்.

இப்போது திருவல்லிக்கேணிக் குளத்துக்குத் திரும்புவோம். அதன் பெயர் கைரவிணி. கைரவம் என்றால் ஆம்பல், அல்லி. கைரவிணி என்றால் அல்லி நிறைந்த பொய்கை. அல்லிக்கேணி என்பதை அப்படியே வடமொழியில் சொன்ன பெயர் இது. இதை ஆக்கியவர் யாராக இருந்தாலும், ஊர்ப்பெயரில் அவர் கேட்டது அல்லி என்பதில் ஐயமில்லை. பாசுரத்தின் எதுகை காட்டிய பக்கத்தையே குளமும் காட்டுவதால், திரு அல்லிக் கேணி என்று பிரிப்பதே சரி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கோயிலில் வடமொழிப் பெயர் ஒன்று கண்டால், அதுவே மூலம் என்று எண்ணி மலைக்க வேண்டாம். அதைத் தமிழாக்கிப் பாருங்கள். பல வேளைகளில் அது தமிழ்ப் பெயரின் நிழலாக இருக்கும்.

தெருப் பெயர் எவ்வளவு துல்லியமாகச் சான்று சொல்லும் என்பதற்கும் இதே ஊரில் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தக் கோயிலில் மூலவர் வேங்கடகிருஷ்ணன், உற்சவர் பார்த்தசாரதி. மேற்கு நோக்கிய சன்னிதியில் நரசிம்மர் இருக்கிறார். அவருக்குத் தெள்ளியசிங்கர் என்று பெயர். திருமங்கையாழ்வார் பாடிய ‘தெள்ளிய சிங்கமாகிய தேவைத் திருவல்லிக்கேணிக் கண்டேனே’ என்ற அடியை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் ஊற்று தெரியும். தெள்ளியசிங்கம் மக்கள் வாயில் துளசிங்கம் ஆனது. அந்தச் சன்னிதியை நோக்கிய தெரு துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு ஆனது. பாரதியார் தம் கடைசி நாட்களில் வாழ்ந்த தெரு என்றால் எல்லோருக்கும் விளங்கும். துளசி என்று நினைத்து, துளசி வனத்தோடு முடிச்சுப் போட்டுக் காரணம் சொல்ல எளிதாகத்தான் இருக்கும், ஏனெனில் இத்தலத்துக்குத் துளசி வனம் என்று பொருள்படும் பிருந்தாரண்யம் என்ற பெயரும் உண்டு. ஆனால் பாசுரத்தை முதலில் படித்தவர் அந்த வழியில் போகமாட்டார். 8ஆம் நூற்றாண்டுப் பாடலின் ஒரு தொடர், தேய்ந்த வடிவில், மாநகராட்சியின் தெருப் பலகையில் இன்றும் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுப் பட்டம் எதுவும் தேவையில்லை, பிரபந்தப் புத்தகமும் தெருவில் நடக்கக் கால்களும் இருந்தால் போதும்.

கடைசியில் தலபுராணம்

தலபுராணத்தைக் கடைசியில் வைக்கச் சொல்வது அதைத் தாழ்த்துவதற்காகச் சொன்னதாகாது. இன்று நம் கையில் இருக்கும் தமிழ்த் தலபுராணங்களில் பெரும்பாலானவை 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை பாடப்பட்டவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவரே பல ஊர்களுக்குப் பாடியிருக்கிறார். பெயர் எப்படிப் பிறந்தது என்பதற்கு அவை காலத்தால் பிந்திய சாட்சிகள். ஆனால் அவை எழுந்த காலத்தில் மக்கள் அந்தப் பெயரை எப்படி விளங்கிக்கொண்டார்கள், எந்த வடிவில் வழங்கினார்கள் என்பதற்கு அவையே முதல் சாட்சிகள். இந்த இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால் புராணம் மிகுந்த பயன் தரும்.

வேதங்கள் வந்து ஈசனை வழிபட்ட இடம் வேதச்சேரி, அது வேளச்சேரி ஆயிற்று என்பது வேளச்சேரிக் கதை. யமன் தன் தண்டத்தைத் திரும்பப் பெற்றதால் இறைவர் தண்டீஸ்வரர் என்பதும் அதோடு சேர்ந்தது. இறைவன் பெயர் இன்றும் தண்டீஸ்வரம் என்று ஒரு பகுதிக்கே பெயராக நிற்கிறது. அந்த இணைப்பில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் ஊர்ப்பெயருக்கான கதையைக் கல்வெட்டோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. குறிலா, நெடிலா என்பதைக் கல் சொல்லாவிட்டாலும், ளிகரத்தைத் தெளிவாகச் சொல்கிறது; தகரம் அங்கே இல்லை. சோழர் காலத்தில் இது சதுர்வேதிமங்கலமாக விளங்கிய ஊர். நான்மறை ஓதியோர் வாழ்ந்த நினைவு, பின்னாளில் வேதங்களே வந்த கதையாக வளர்ந்திருக்கக்கூடும் என்பது என் கருத்து. கருத்து என்ற அளவிலேயே அதை எழுதிவைக்க வேண்டும்.

புலியூர் இன்னும் சுவையான வழக்கு. பத்திரத்தில் கிராமப் பெயராக எஞ்சி நிற்கும் இந்தச் சொல், சோழர் காலத்தில் ஒரு கோட்டத்துக்கே பெயராக இருந்தது. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்று புலியூர்க் கோட்டம். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் அந்தக் கோட்டத்தைச் சேர்ந்தது. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கத்துப் புலியூரே அந்தக் கோட்டத்துக்குப் பெயர் தந்த ஊர் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அங்கே இரண்டு சிவாலயங்கள் அந்த நினைவைக் காக்கின்றன: பரத்வாஜேஸ்வரர் கோயில், வேங்கீஸ்வரர் கோயில். புலிக்கால் முனிவராகிய வியாக்ரபாதர் வழிபட்டதால் வேங்கீஸ்வரர் என்பது தல வரலாறு. வேங்கை என்ற சொல்லில் புலி அப்படியே இருக்கிறது. முருகன் கோயிலும் சினிமாக் கொட்டகைகளும் படப்பிடிப்புத் தளங்களும் புகழ்பெற்ற பகுதியில் இந்த இரண்டு கோயில்களும் சற்று மறைந்து நிற்பதால், ஊரின் பழைய பெயரும் அவற்றோடு சேர்ந்து மறைந்துபோனது. வியாக்ரபாதர் கதை தில்லையாகிய பெரும்பற்றப்புலியூர் முதல் பல புலியூர்களுக்கு உரியது. ஆகவே முனிவரால் பெயர் வந்ததா, பெயரால் முனிவர் வந்தாரா என்பதை இந்தக் கதையைக் கொண்டு மட்டும் தீர்க்க இயலாது. ஆனால் புலியூர் என்ற பெயரின் பழமையைக் கோட்டத்தின் பெயரும், அதன் தொடர்ச்சியைக் கோயிலும் பத்திரமும் நிலைநாட்டிவிடுகின்றன.

கோடம்பாக்கம் என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் ஊரில் உலவுகின்றன. ஒன்று, கார்க்கோடகன் என்ற நாகம் வழிபட்ட இடம் என்பது. மற்றொன்று, நவாபின் குதிரைத் தோட்டம், அதாவது கோடா பாக், கோடம்பாக்கம் ஆனது என்பது. இப்படிப்பட்ட விளக்கம் வரும்போது அதை அக்கம்பக்கத்து ஊர்களில் வைத்துச் சோதிக்க வேண்டும். அருகிலேயே நுங்கம்பாக்கம் இருக்கிறது, சற்றுத் தள்ளிப் புரசைவாக்கமும் மீனம்பாக்கமும் இருக்கின்றன. நுங்கம்பாக்கம் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே வருகிறது. 11ஆம் நூற்றாண்டில் நவாபும் இல்லை, பாக் என்ற தோட்டமும் இல்லை. சுற்றிலும் தமிழ்ப் பாக்கங்கள் நிற்கும்போது ஒன்றை மட்டும் பாரசீகத் தோட்டத்திலிருந்து கொண்டுவர வலுவான ஆவணம் வேண்டும். முதல் பகுதியான கோடம் என்பதை இந்தச் சோதனை தீர்க்கவில்லை. அது திறந்தே இருக்கட்டும்.

எழுதிவைத்தலும் காத்தலும்

கண்டதை எழுதும்போது ஒவ்வொரு வடிவத்துக்கும் நேரே அதன் சான்று எது, எந்தக் காலத்தது, நீங்களே பார்த்ததா, அச்சில் படித்ததா, ஒருவர் சொல்லக் கேட்டதா என்று தனித்தனியே குறியுங்கள். திருவல்லிக்கேணிக்கு அப்படி எழுதினால், பாசுரமும் குளத்தின் பெயரும் ஒரு பக்கத்தில் சேரும். வேதவல்லித் தாயாரைக் கொண்டு சொல்லும் விளக்கம் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். எதிர்ப்பக்கத்தை அழித்துவிடாதீர்கள், நாளை இன்னொருவர் புதிய கல்லோடு வரலாம்.

கோயிலில் திருப்பணிக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மற்ற எல்லா வேலைகளையும் ஒதுக்கிவிட்டு, பாலாலயம் ஆவதற்கு, அதாவது திருப்பணிக்காக இறைவனைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வதற்கு, முன்பே போய் அனுமதியோடு எழுத்துள்ள கற்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். மணல் வீசிச் சுத்தம் செய்த சுவரிலும், வண்ணம் பூசிய அதிட்டானத்திலும், புதிய தளக்கல்லுக்கு அடியில் போன பலகையிலும் எழுத்தை மீண்டும் பெற முடியாது. எந்தச் சுவர், தெற்கா வடக்கா, எந்தப் பட்டை, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று படத்தோடு எழுதி, ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்துக்கும் ஒன்றை மாநிலத் தொல்லியல் துறைக்கும் கொடுங்கள். திருப்பணிக் குழுவில் ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள். ‘இந்தக் கல்லில் நம்ம ஊர்ப் பேர் இருக்குதுங்க ஐயா’ என்று அந்த வரியைத் தொட்டுக் காட்டினால், அதன் மேல் சிமெண்ட் பூச அவர்களே விடமாட்டார்கள்.